உள்ளூர் அணி ரசிகர்களின் பகுதியில் டிக்கெட் வாங்கினால் என்ன ஆகும்?

“இங்கிலாந்துக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக்கில் வெளியூர் அணி ரசிகர்களுக்கான டிக்கெட் தீர்ந்துவிட்டால், மறுவிற்பனைத் தளத்தில் உள்ளூர் அணிப் பகுதி டிக்கெட் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரும் பணத்தைத் தொலைக்க வேண்டாம்.

இங்கிலாந்தில் கால்பந்து டிக்கெட்டை அனுமதியின்றி விற்பது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வாங்கியவர் மீது வழக்கு வராதுதான், ஆனால் ஆட்டத்தை நடத்தும் உள்ளூர் கிளப் அந்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். உள்ளே போய்விட்டாலும் நிம்மதி இல்லை. எதிரணி ரசிகர் என்று தெரிந்தால் வெளியேற்றக் கிளப் விதிகளில் இடமுண்டு. ஜெர்சி போடாமல் போகலாம், சரி. உங்கள் அணி கோல் அடிக்கும்போது சும்மா உட்கார முடியுமா?

முறையான வழி ஒன்றுதான். வெளியூர் அணிக்கு 3,000 இருக்கைகள் வரை கிடைக்கும். சிறிய அரங்கமானால் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு. அவற்றை உங்கள் கிளப்பே, பெரும்பாலும் நீண்டநாள் உறுப்பினர்களுக்கு முன்னுரிமை தந்து, விற்கும். விலையும் 2016-17 முதல் 30 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. மறுவிற்பனைக்காரர் கேட்பது இதைப் போலப் பல மடங்கு.

அப்புறம், தொலைக்காட்சிக்காக ஆட்ட நாளும் நேரமும் அடிக்கடி மாறும். அது உறுதியாகும் முன் பணம் திரும்பாத ரயில் டிக்கெட் எடுக்காதீர்கள். ரசிகர்களுக்கென ஏற்பாடு செய்த பேருந்தில் பீர் கொண்டுபோவதும் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.