கழுகு முத்திரை மட்டுமே லைக்காவுக்குச் சான்றாகாது

பொன்னிற உடலும் கழுகு முத்திரையும் ‘பெர்லின் 1936’ என்ற பொறிப்பும் கொண்ட ஒரு கேமராவின் படங்களைப் பதிவிட்ட ஒருவர், அது ஜெர்மன் கேமரா நிறுவனமான லைக்கா, ஜெர்மன் விமானப்படைக்காகத் தயாரித்த அரிய பதிப்பு என்றும், அதன் வரிசை எண்ணும் லைக்கா பட்டியலோடு ஒத்துப்போகிறது என்றும் கூறியிருக்கிறார்; அது லைக்கா என்பது சரியன்று. இது லைக்காவைப் பார்த்துச் செய்யப்பட்ட சோவியத் கேமராக்களான ஃபெட் அல்லது சோர்க்கி. பழைய பொறிப்பைத் தேய்த்து அகற்றிவிட்டுப் புதிதாகச் செதுக்கியிருக்கிறார்கள்.

அவர் பதிவிட்ட படங்களில், லென்ஸைக் கழற்றி எடுத்த மூன்றாவது படத்திலேயே விடை இருக்கிறது. லென்ஸ் பொருந்தும் வளையத்துக்குள், மேற்புறத்தில், தூரமானியை (குவியப்படுத்துவதற்காகப் பொருளின் தூரத்தைக் கணிக்கும் அமைப்பை) இயக்கும் சிறு கை ஒன்று தெரிகிறதல்லவா? லைக்காவில் அதன் நுனியில் உருளும் வட்டச் சக்கரம் இருக்கும். இங்கே இருப்பதோ ஆப்பு வடிவ உலோகத் துண்டு, அதாவது சோவியத் அமைப்பு. வெளியே எதை வேண்டுமானாலும் செதுக்கலாம், ஆனால் இந்தப் பாகத்தை மாற்றப் போலி செய்பவர்கள் பொதுவாக மெனக்கெடுவதில்லை. வரிசை எண் லைக்கா பட்டியலோடு ஒத்துப்போகிறது என்ற வாதமும் நிற்காது, ஏனெனில் எண்ணும் அதே கையால் செதுக்கப்பட்டதே.

ஃபெட், லைக்கா II-இன் நகலாக 1934இல் கார்கிவ் நகரின் ஜெர்ஜின்ஸ்கி கம்யூனில், ஆதரவற்ற இளைஞர்களின் உழைப்பால் உற்பத்திக்கு வந்தது; சோவியத் ரகசியக் காவல்துறையை நிறுவிய ஃபெலிக்ஸ் எட்முந்தொவிச் ஜெர்ஜின்ஸ்கியின் முதலெழுத்துகளே (F, E, D) அதன் பெயர். சோர்க்கி, 1948 முதல் மாஸ்கோவுக்கு அருகிலுள்ள கிராஸ்னகோர்ஸ்கில் தயாரானது. அந்த வரலாற்றுக்காகவே இதை வாங்கலாம், ஆனால் லைக்காவின் விலைக்கு அல்ல. இரண்டில் எது என்பதைத் தீர்மானிக்க, மேல் தகட்டையும் ஷட்டர் வேகக் குமிழையும் நெருக்கத்தில் எடுத்த படங்கள் தேவை.