லாங் ஆன்ல ஆள் நிக்கிறானா?

போன மாதம் அப்பாவையும் மகளையும் ஒரு டி20 ஆட்டத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். ராத்திரி ஆட்டம். பதினேழாவது ஓவர், சிக்ஸர் அடித்தே ஆகவேண்டிய கட்டம். பவுலர் ரன்-அப்புக்குத் திரும்பி நடந்துகொண்டிருக்கிறார். அப்பா என் முழங்கையைத் தட்டிக் கேட்டார்: "ஏண்டா, லாங் ஆன்ல ஆள் நிக்கிறானா?"

லாங் ஆன் என்றால் பவுலருக்குப் பின்பக்கம், பவுண்டரிக் கயிற்றோரம். பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. ஃபீல்டிங் அணிக்கு நீல ஜெர்சி. பவுண்டரிக்கு வெளியே சுற்றிலும் வைத்திருக்கும் எல்.ஈ.டி. போர்டில் அந்த நேரம் பார்த்து ஒரு நீல விளம்பரம் வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நொடி கழித்து போர்டு மொத்தமும் பளீரென்று வெள்ளையானது. அப்போதுதான் அந்தப் பையன் கறுப்பு நிழலாகத் தெரிந்தான். "நிக்கிறான்பா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பந்து போட்டாகிவிட்டது. பந்து எங்கே போனது என்று மூன்று பேருமே பார்க்கவில்லை. கூட்டம் கத்தியதை வைத்து நான்கு என்று புரிந்துகொண்டோம்.

அப்பாவுக்கு 72 வயது. ஒரு கண்ணில் கேட்டராக்ட் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அவருக்குக் கண் கூசினால் அது மைதானத்தின் தப்பா என்று யாராவது கமெண்டில் வருவீர்கள், தெரியும். எனக்கு நாற்பதுதான் ஆகிறது, கண்ணாடிகூடப் போடுவதில்லை. எனக்கும் தெரியவில்லை என்பதற்காகத்தான் இந்தப் பதிவு. நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த மைதானம் என்று சொல்லப்போவதில்லை. எல்லா இடத்திலும் இதே கதைதான்.

டிவியில் கிரிக்கெட் பார்ப்பவருக்கும் மைதானத்துக்குப் போகிறவருக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான் உண்டு. டிவியில் நாம் எதைப் பார்க்கவேண்டும் என்பதை கேமராக்காரர் முடிவு செய்கிறார். மைதானத்தில் நாம் முடிவு செய்கிறோம். பவுலர் ஓடிவரும்போது கவர் ஃபீல்டர் இரண்டடி உள்ளே நகர்வதைப் பார்க்கலாம். கேப்டன் சத்தமே போடாமல் விரலை அசைத்து டீப் மிட்விக்கெட்டைப் பின்னால் தள்ளுவதைப் பார்க்கலாம். ரன் ஓடாமல் மறுமுனையில் நிற்பவனின் முகத்தைப் பார்க்கலாம். இது ஒன்றுக்காகத்தான் ஆயிரக்கணக்கில் டிக்கெட் போட்டு, தண்ணீர் பாட்டிலை வாசலில் பறிகொடுத்து, பார்க்கிங் கிடைக்காமல் இரண்டு கிலோமீட்டர் நடந்து உள்ளே போகிறோம். மற்றபடி வீட்டு சோபாவே தேவலை. அந்த ஒன்றைத்தான் இந்த போர்டு பிடுங்கிக்கொள்கிறது.

மனிதக் கண்ணின் அமைப்பு அப்படி. நேராகப் பார்க்கும் இடம்தான் துல்லியமாகத் தெரியும். ஆனால் ஓரப் பார்வையில் ஏதாவது அசைந்தால், மின்னினால், கண் தானாக அங்கே போய்விடும். நாம் கட்டுப்படுத்துகிற விஷயமே இல்லை. விளம்பரம் செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் ஓடுகிறது, சுழல்கிறது, வெடிக்கிறது. 140 கிலோமீட்டர் வேகத்தில் போடும் பந்து பேட்ஸ்மேனிடம் வந்து சேர அரை நொடிதான். அந்த அரை நொடியில் ஒரு டயரோ ஒரு பெயின்ட் டப்பாவோ ஓரத்தில் உருண்டால், பந்து போச்சு.

வெளிச்சமும் கொஞ்சநஞ்சம் இல்லை. நம் வீட்டு டிவி சில நூறு நிட்ஸ் பிரகாசம். மைதானத்தில் வைக்கும் போர்டுகள் மத்தியான வெயிலிலும் தெரியவேண்டும் என்பதால் 5,000 நிட்ஸ், அதற்கு மேலும் போகக்கூடியவை. ராத்திரி குறைக்க வசதி உண்டு. குறைக்கிறார்களா என்பது லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் மனசைப் பொறுத்தது. இன்னொரு கூத்து: கீழ் வரிசையில் டிக்கெட் எடுத்தால் பக்கத்தில் இருக்கும் போர்டின் முதுகைத்தான் பார்க்கவேண்டும். கேபிளும் இரும்புச் சட்டமும் பவுண்டரிக் கயிற்றை மறைக்கும். எதிர்ப்பக்க போர்டு முகத்தில் அடிக்கும்.

நான் முதன்முதலில் சேப்பாக்கத்தில் உட்கார்ந்தது 1999 ஜனவரி 31. பாகிஸ்தானுடன் டெஸ்ட், நான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை. 271 அடிக்கவேண்டும், சச்சின் 136, நாம் தோற்றது 12 ரன்னில். பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது சேப்பாக்கமே எழுந்து நின்று கை தட்டியதை உலகம் இன்றுவரை பேசுகிறது. அப்பா அன்றைக்கு எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் ஃபீல்டர்களை எண்ணுவது. பவுலரையும் கீப்பரையும் விட்டுவிட்டு ஒன்பது பேர். ஒவ்வொரு ஓவருக்கும் எண்ணச் சொல்வார். ஒருத்தன் குறைந்தால் எங்கேயோ ஒளிந்திருக்கிறான், அவனைக் கண்டுபிடித்தால் அடுத்த பந்து என்னவென்று தெரிந்துவிடும் என்பார். அன்றைக்கும் விளம்பரங்கள் இருந்தன. தகரத்தில் பெயின்ட் அடித்த பலகைகள். சிகரெட் கம்பெனியின் பெயரை இந்திய அணி சட்டையிலேயே போட்டுக்கொண்டு ஆடிய காலம் அது. ஒழுக்கத்தில் ஒன்றும் உசத்தி இல்லை. ஆனால் பலகை நின்ற இடத்தில் நின்றது. அதன் முன்னால் ஒரு ஆள் நின்றால் ஆள் தெரிந்தான்.

இதில் எனக்குப் பெரிய ஆற்றாமை ஒன்று உண்டு. கண்ணைக் கெடுக்கும் என்று இவர்களுக்குத் தெரியாமல் இல்லை. பேட்ஸ்மேனுக்குப் பந்து தெளிவாகத் தெரிய மைதானத்தின் இரு முனையிலும் வைக்கும் பெரிய திரை, அதாவது சைட் ஸ்க்ரீன், அதன் விஷயத்தைப் பாருங்கள். ஐசிசி ஆட்ட விதிகளின்படி பேட்ஸ்மேனுக்குப் பின்னால் இருக்கும் சைட் ஸ்க்ரீனில் விளம்பரம் போடலாம். ஆனால் அந்த முனையிலிருந்து அடுத்த ஓவர் போடும்போது அதை எடுத்துவிடவேண்டும். போடும் விளம்பரம் மின்னக்கூடாது, துடிக்கக்கூடாது. அம்பயரின் கவனம் கலையும் நேரத்தில் படத்தை மாற்றக்கூடாது. எவ்வளவு அக்கறை பாருங்கள்! பேட்ஸ்மேனின் கண்ணுக்குக் காவல் உண்டு, அம்பயரின் கண்ணுக்குக் காவல் உண்டு. கேமராவின் கண்ணுக்கோ தனிக் கவனிப்பே உண்டு: படத்தில் கோடு கோடாகத் தெரியாமல் இருக்க, போர்டின் துடிப்பு வேகத்தை ஏற்றிவைப்பார்கள். டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவன் கண் மட்டும் அநாதை.

2023 உலகக் கோப்பையில் அக்டோபர் 25, டெல்லி, நெதர்லாந்துக்கு எதிராக ஆஸ்திரேலியா ஆடிய ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? மேக்ஸ்வெல் 40 பந்தில் சதம் அடித்தாரே, அதே ஆட்டம். அன்றைக்கு டிரிங்க்ஸ் இடைவேளையில் மைதான விளக்குகளை அணைத்து, மின்னவிட்டு ஒரு லைட் ஷோ நடத்தினார்கள். முடிந்ததும் மேக்ஸ்வெல் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார். தலை வலிக்கிறது, கண் பழைய நிலைக்கு வர நேரமாகிறது, ஆடுகிறவனுக்கு இது படுமுட்டாள்தனமான யோசனை என்கிற ரீதியில். டேவிட் வார்னரோ, எனக்கு ரொம்பப் பிடித்தது, ரசிகர்களுக்காகத்தானே எல்லாம் என்று பதில் போட்டார்.

நான் இதில் பாதி வார்னர் கட்சி. இடைவேளையில் விளக்கை அணைக்கட்டும், பாட்டுப் போடட்டும், நாற்பதாயிரம் பேரும் செல்போன் டார்ச்சைத் தூக்கட்டும். அழகாகத்தான் இருக்கிறது. என் மகள் அந்த இரண்டு நிமிஷத்துக்காகவே வருவாள். ஆட்டம் நிற்கும்போது என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். பந்து உயிரோடு இருக்கும்போது எதற்கு? ஸ்டம்பிலிருந்து விலகியதும் மின்னும் ஜிங் பெய்ல்ஸை நான் குறை சொன்னதே இல்லை. அது ஆட்டத்தைச் சொல்லும் வெளிச்சம். ரன் அவுட்டில் பெய்ல் எப்போது விலகியது என்று காட்டுகிறது. போர்டு எதைக் காட்டுகிறது?

சொல்லட்டுமா? ஏலக்காய் காட்டுகிறது. ஏலக்காய் விற்பதற்கு இவ்வளவு செலவழிக்கிற நாடு உலகத்தில் வேறெங்கும் இருக்காது. அது எந்தப் பான் மசாலா பாக்கெட்டின் பினாமி என்று பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். 2025 மார்ச்சில் மத்திய சுகாதாரத்துறையே ஐபிஎல் தலைவருக்குக் கடிதம் எழுதியது, புகையிலை, மது, அவற்றின் பினாமி விளம்பரம் எதுவும் மைதானத்துக்குள்ளும் ஒளிபரப்பிலும் வேண்டாம் என்று. அப்புறம் பணம் கட்டி ஆடும் ஆப்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டு நிறுத்தும்வரை, அவற்றில் ஒன்றின் பெயர்தான் இந்திய அணியின் நெஞ்சிலேயே இருந்தது. சரி, அது தனிப் பதிவு.

குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூன் எபிசோடில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னியதில் அறுநூற்றுக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 2007-ல் லண்டன் ஒலிம்பிக்ஸ் லோகோ அறிமுக வீடியோவில் ஒரு மின்னும் காட்சி சிலருக்கு வலிப்பு வரவைத்தது என்று அதை எடுத்தார்கள். நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் எதுவும் மின்னக்கூடாது என்று இணையதளங்களுக்கே விதிமுறை இருக்கிறது. மைதானத்து போர்டு அந்த அளவுக்குப் போகிறது என்று நான் சொல்லவில்லை. போகக்கூடாது என்று டிக்கெட்டின் பின்பக்கத்தில் ஒரு வரி இருந்தால் பெற்றவர்களுக்கு நிம்மதி. "போதையில் வரக்கூடாது, குடை கொண்டுவரக்கூடாது" என்று நமக்கு மட்டும் முப்பது வரி இருக்கிறதே.

"விளம்பரக் காசு இல்லாமல் கிரிக்கெட் எப்படி நடக்கும்?" வந்துவிட்டதா கேள்வி? 2023 முதல் 2027 வரைக்கான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்குப் போனது. டைட்டில் ஸ்பான்சர் ஐந்து வருஷத்துக்கு 2,500 கோடி. அந்த போர்டு நமக்காக ஓடவே இல்லை, டிவிக்காக ஓடுகிறது. நாம் அதன் வழியில் உட்கார்ந்திருக்கிறோம், அவ்வளவுதான். டிவிக்கு மட்டும் என்றால் அதற்கும் வழி வந்தாகிவிட்டது. ஜெர்மனியின் புண்டஸ்லிகா கால்பந்தில் ஒரே ஆட்டத்தை வெவ்வேறு நாட்டில் பார்ப்பவர்களுக்கு, அதே போர்டில் வெவ்வேறு விளம்பரத்தை கம்ப்யூட்டரில் ஒட்டிக் காட்டுகிறார்கள். அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக் 2022-23 சீசனில் இதை ஆரம்பித்தபோது, வீட்டிலிருந்து பார்த்தவர்கள் பிசிறடிக்கிறது, கவனம் சிதறுகிறது என்று கத்தித் தீர்த்தார்கள். அட, எங்கள் வலி உங்களுக்கும் வந்ததா என்று ஒரு அற்ப சந்தோஷம் எனக்கு.

விம்பிள்டன் மாதிரி கரும்பச்சைச் சுவரும் ஓரத்தில் ஒரு கடிகாரக் கம்பெனியும் போதும் என்று இங்கே கேட்டால் சிரிப்பார்கள். நானும் கேட்கவில்லை. என் கோரிக்கை ரொம்பச் சின்னது. பவுலர் ஓட ஆரம்பித்ததிலிருந்து பந்து டெட் ஆகும்வரை, அதாவது அந்தப் பந்தில் ஆட்டம் முடியும்வரை, போர்டு அசையக்கூடாது. எந்தக் கம்பெனி பெயர் வேண்டுமானாலும் இருக்கட்டும், நின்றபடி இருக்கட்டும். பந்துக்குப் பன்னிரண்டு நொடி என்று வையுங்கள். 240 பந்துக்கு 48 நிமிஷம். ஆட்டம் மூன்றரை மணி நேரம் நடக்கிறது. மிச்சம் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி நேரம் உங்களுடையது, குதியுங்கள். டெஸ்ட் ஆட்டங்களில் சில நேரம் பந்துக்கும் பந்துக்கும் நடுவில் மட்டும் போர்டை மாற்றுவதைப் பார்த்திருக்கிறேன். ஆக, முடியும். ஒரு பட்டனை அமுக்க ஒரு ஆள் போதும்.

அன்றைக்கு வீடு திரும்பும்போது ஆட்டோவில் மகளைக் கேட்டேன், யார் நல்லா ஆடினா என்று. ஒரு இன்வெர்ட்டர் விளம்பரத்தின் வாசகத்தை ராகத்தோடு பாடிக் காட்டினாள். அப்பா வாயைத் திறக்கவில்லை. மறுநாள் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே, "இனிமே என்னைக் கூப்பிடாதடா, நான் வீட்லயே பாத்துக்கறேன்" என்றார்.

போன ஞாயிறு வேறு ஒரு இடத்துக்குக் கூட்டிப் போனேன். லீக் மேட்ச். டிக்கெட் கிடையாது, கூட்டமும் கிடையாது. கரை வேட்டி கட்டிய ஒரு பெரியவர், இரண்டு நாய்கள், நாங்கள். வேப்பமரத்தடியில் சிமெண்ட் பெஞ்ச். சைட் ஸ்க்ரீன் ஒரு பக்கம் கிழிந்து காற்றில் ஆடியது, அதற்கு அப்பா பேட்ஸ்மேனைவிட அதிகமாகக் கோபப்பட்டார். உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் என் மகளிடம், "பவுலரையும் கீப்பரையும் விட்டுட்டு எண்ணும்மா" என்று ஆரம்பித்தார். அவள் விரல் நீட்டி எண்ணினாள். எட்டுதான் வந்தது. மறுபடி எண்ணினாள், எட்டுதான்.

"தாத்தா, ஒருத்தர் அங்க மரத்துக்குப் பின்னாடி ஒண்ணுக்குப் போறார்."