செயலமர்வு நாளை எங்களிடம் தாருங்கள்

வன்னியில் ஆசிரியர் செயலமர்வு பெரும்பாலும் ஒரே வார்ப்புத்தான். முத்தையன்கட்டிலிருந்து விடியவே புறப்பட்டு, ஒட்டுசுட்டானில் பஸ் மாறி வந்து, வரவு இடாப்பில் கையொப்பமிட்டால் மாலைவரை பயிற்சி தர வந்த வளவாளர் பேசுவார், ஆசிரியர்களாகிய நாங்கள் கேட்போம். 2007இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் வந்த காலத்திலிருந்து, பிள்ளைகளைப் பேசவும் தேடவும் விடுங்கள் என்று எங்களுக்குச் சொல்கிறார்கள். அதைச் சொல்லும் மண்டபத்தில் எங்களைப் பேச விடுவதில்லை. எனக்கு இது பெரிய ஆற்றாமை.

தேநீர் இடைவேளையில்தான் உண்மையான பயிற்சி நடக்கிறது. அண்மையில் ஓர் ஆசிரியை, தரம் 3ஐயும் தரம் 4ஐயும் ஒரே அறையில் வைத்துக் கணிதம் படிப்பிக்கும் விதத்தைச் சொன்னார். இரண்டு வகுப்புக்கும் ஒரே கடைப் பற்றுச்சீட்டுத்தான். சின்னவர்கள் சாமான்களின் விலையைக் கூட்டுவார்கள். பெரியவர்கள் அதே சாமான்களை ஐந்து வீட்டுக்கு வாங்கினால் எவ்வளவு என்று பெருக்குவார்கள். முதலில் முடித்த பெரியவர், பக்கத்திலிருக்கும் சின்னவரின் கூட்டலைச் சரிபார்க்க வேண்டும். பிஸ்கட் பெட்டி மட்டையில் அவர் அதை வரைந்து காட்ட, சுற்றி நின்றவர்களின் தேநீர் ஆறிப்போனது. பிறகு உள்ளே அழைத்தார்கள். பல்தர வகுப்பைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் வரவில்லை.

இதற்கு மாற்று வழி உண்டு. வந்தவர்களே நிகழ்ச்சி நிரலை எழுதும் முறையை 1980களில் ஹரிசன் ஓவன் என்பவர் தொடங்கினார். அதைத் தழுவி 2010இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆசிரியர்கள் ‘எட்காம்ப்’ நடத்தினார்கள். காலையில் சுவரில் ஒரு வெறும் அட்டவணை, நேரமும் அறையும் மட்டும் குறித்திருக்கும். தனக்குத் தெரிந்ததையோ தெரிய வேண்டியதையோ வந்தவர் எழுதி ஒட்டுவார். ஓர் அறையில் பயனில்லை என்று பட்டால் எழுந்து அடுத்த அறைக்குப் போகலாம். யாரும் அதை அவமதிப்பாக எடுப்பதில்லை.

அங்கே இவை பெரும்பாலும் சனிக்கிழமைகளில் நடக்கின்றன. இங்கே அது சரிவராது. கைக்குழந்தைக்காரர்களும், ஏ-9 வழியே தினமும் தூரத்திலிருந்து வந்துபோகிறவர்களும் ஓய்வுநாளையும் இழக்கக்கூடாது. பாடசாலை நாளிலேயே, கடமை லீவுடன் நடக்க வேண்டும்.

பாடசாலைகளுக்கு வந்து ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் ஆசிரிய ஆலோசகர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பல வகுப்பறைகளைப் பார்த்தவர் அவர்தான். ‘துணுக்காயில் ஒருவர் இதைச் செய்து பார்த்திருக்கிறார், அவரைக் கேளுங்கள்’ என்று அவர் இணைத்துவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்த தவணையில் ஒரேயொரு செயலமர்வு நாளை இப்படி நடத்திப் பார்க்கட்டும். நான் எழுதி ஒட்டப்போகும் கேள்வி இது: தரம் 6க்கு வந்தும் எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளைக்கு, மற்றவர்கள் முன்னால் கூசவைக்காமல் வாசிப்பை எப்படிப் பழக்குவது? ஆரம்பப் பிரிவில் படிப்பிப்பவர்கள் எனக்கு இப்போதே சொன்னாலும் நல்லது.