வட்டம் முட்டையாகத் தெரிகிறது

சத்துவாச்சாரியில் எங்கள் டிடிபி கடையில் இருக்கும் பழைய எல்சிடி மானிட்டரின் சொந்த அளவு 1366×768 புள்ளிகள். திரைக்குப் படம் அனுப்பும் பழைய கிராபிக்ஸ் கார்டுகள் பலவும் அகலம் 8ஆல் வகுபட்டால்தான் ஏற்கும்; 1366 வகுபடாது. சரி, 1360ஆவது கொடுக்கக்கூடாதா? கம்ப்யூட்டர் 1024×768இலேயே நிற்கிறது; அந்தப் படம் அகலத் திரையில் பக்கவாட்டில் இழுபடுகிறது. கல்யாணப் பத்திரிகையில் போட்ட வட்டம் முட்டையாகத் தெரிந்தால் எப்படி வேலை பார்ப்பது?

கோளாறு கேபிளில். மானிட்டர் தன் அளவு விவரத்தை, கம்ப்யூட்டரோடு இணைக்கும் விஜிஏ கேபிளின் 12, 15ஆம் பின்கள் வழியாகத்தான் சொல்லும். மலிவுக் கேபிள்கள் சிலவற்றில் அந்தக் கம்பிகளே இருப்பதில்லை! அப்புறம் கம்ப்யூட்டருக்கு அளவு எப்படித் தெரியும்? எங்கள் கம்ப்யூட்டரில் ஓடும் லினக்ஸில், திரை அளவை மாற்றும் எக்ஸ்ராண்டர் (xrandr) கட்டளை கொடுத்து நாமே அளவைச் சேர்த்தாலும், கரண்ட் போய் வந்தால் அழிந்துவிடுகிறது. வேலூர் வெயிலில் கரண்ட் போகாத மத்தியானம் உண்டா? கேபிள் செய்தவர்கள் இரண்டு கம்பியை மிச்சம் பிடித்து என்ன கண்டார்கள்? கேட்டால், “புது மானிட்டர் வாங்கிடுங்கண்ணே” என்கிறார்கள். நன்றாக எரிகிற மானிட்டரை எதற்குத் தூக்கிப்போட வேண்டும்?