ஏ9 வீதியை நித்திரையில் கடக்காதீர்கள்

அடுத்த மாதம் ரொறன்ரோவிலிருந்து என் சிநேகிதி வருகிறாள். கொழும்பில் ஒரு கல்யாணவீடு, அதற்கு முன்னும் பின்னும் சொந்தக்காரர் வீடுகள், இதெல்லாம் போக அவளுக்கும் எனக்குமென்று ஏழு நாள் மிஞ்சுகிறது. அந்த ஏழு நாளும் ஒரு வானைப் பிடித்துக்கொண்டு ஊர் சுற்றுவது என்று பேசி மூன்று கிழமையாகிவிட்டது. மூன்று கிழமையும் வட்ஸ்அப்பில் ஒரே இழுபறி. முந்தாநாள் இரவுதான் ஒரு முடிவுக்கு வந்தோம். வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிற எல்லா வீட்டிலும் இதே திட்டம்தான் போடுகிறார்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அவள் முதலில் அனுப்பிய பட்டியலில் பதினேழு இடங்கள். வெள்ளவத்தையில் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஒன்பது மணிக்கு வெளிக்கிடுவது, விடிய யாழ்ப்பாணம். இரண்டு நாளுக்குள் நல்லூர், கீரிமலை, நயினாதீவு, கசூரினா, பருத்தித்துறை. மூன்றாம் நாள் முல்லைத்தீவைப் பார்த்துக்கொண்டு திருகோணமலை. அங்கிருந்து மட்டக்களப்பு, அறுகம்பே, எல்ல, நுவரெலியா, கண்டி, கடைசி நாள் பின்னேரம் கொழும்பு. வரைபடத்தில் விரலால் இழுத்துப் பார்த்தால் அழகான ஒரு வட்டம். சின்னத் தீவுதானே, ஏழு நாள் காணாதா என்று கேட்டாள்.

காணாது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் 400 கிலோமீற்றர் அளவில் வரும். அதிவேகப் பாதையில் கட்டுநாயக்க வரை பறக்கலாம். அதற்குப் பிறகு லொறி, ஓட்டோ, ட்ரக்டர், மாடு எல்லாம் ஒன்றாகப் போகிற சாதாரண வீதிதான். ஊருக்கு வெளியே வானுக்கு வேக எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர், ஊர்மனைக்குள் 50. கனடாவில் நாலு மணித்தியாலத்தில் ஓடிவிடுகிற தூரத்துக்கு இங்கே எட்டு மணித்தியாலம் வேண்டும். மலைநாட்டு வளைவுகளுக்கு இந்தக் கணக்கும் சரிவராது. பதினேழு இடத்தையும் பிடிப்பதென்றால் ஏழு நாளும் வானுக்குள்ளேயே இருந்து, இறங்கி, ஒரு படம் எடுத்து, திரும்ப ஏற வேண்டியதுதான்.

பட்டியலின் நீளத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். முதல் வரியைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. இரவு ஒன்பது மணிக்கு வெளிக்கிடுவது.

"பகலிலை போனா ஒரு நாள் வீணாப் போகுமடி. இரவெண்டா நித்திரையிலேயே போயிடலாம்" என்றாள்.

அவள் மட்டும் இப்படிச் சொல்லவில்லை. வெள்ளவத்தையில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் போய்வருகிறோம். இரவானால் காலி வீதியில் பாருங்கள். யாழ்ப்பாண பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும், பெட்டியும் உரப்பையுமாகச் சனம் ஏறும், ஏறியவுடன் திரையை இழுத்து மூடிவிட்டுப் போர்வைக்குள் போய்விடுவோம். நடுச்சாமத்துக்குப் பிறகு முறுகண்டியில் பஸ் நிற்கும். அரைக்கண்ணில் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, ஒரு பை கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுவோம். அடுத்து கண் திறந்தால் யாழ்ப்பாணம். வருஷத்துக்கு மூன்று தடவை போய்வருகிற என் தங்கையின் மகனுக்கு இருபத்திரண்டு வயது. கனகராயன்குளம் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. மாங்குளத்தில் வீதியின் இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்று கேட்டால் இருட்டு என்கிறான்.

வவுனியா வழியாக யாழ்ப்பாணம் போகிற இந்த ஏ9 பாதை எங்களுக்குச் சும்மா கிடைத்ததில்லை. போரில் 1990இல் மூடப்பட்டது. 2002இல், சமாதான காலத்தில் திறந்தது. 2006 ஓகஸ்டில் திரும்ப மூடப்பட்டது. அந்த நேரம் யாழ்ப்பாணம் போவதென்றால் இரத்மலானையிலிருந்து விமானம், இல்லாவிட்டால் திருகோணமலையிலிருந்து கப்பல். 2009இல்தான் மறுபடி திறந்தது. 2002இல் பாதை திறந்த புதிதில் அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறங்கி, பைகளைத் திறந்து காட்டி, வரிசையில் நின்று, புளியங்குளத்தில் அதே வேலையைத் திரும்பச் செய்து, முகமாலையில் இன்னொரு தடவை. காலையில் வெளிக்கிட்டவர்கள் இருட்டித்தான் போய்ச் சேர்ந்தோம். அவ்வளவு அலைச்சலிலும் அப்பா யன்னல் பக்கத்து இருக்கையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு ஊர்ப் பெயர்ப்பலகையையும் வாய்விட்டு வாசித்துக்கொண்டே வந்தார். பன்னிரண்டு வருஷம் காணாத பாதை அவருக்கு அது.

இதையெல்லாம் சொல்லியும் சிநேகிதி மசியவில்லை. அதனால் ஒரேயொரு கேள்வி கேட்டேன். யாழ்ப்பாணத்துக்குச் சற்று முன்னால் வருகிற நாவற்குழிப் பாலத்தை எத்தனை மணிக்குக் கடப்போம்?

அவளுடைய ஊர் அளவெட்டி. 1995 ஒக்டோபர் 30, சண்டை நெருங்கி வர, யாழ்ப்பாண நகரும் அதைச் சுற்றிய ஊர்களுமான வலிகாமமே எழும்பி நடந்த அந்த இரவில் அவளுக்குப் பதினைந்து வயது. தம்பியைச் சைக்கிள் பாரில் இருத்தி, பின் கரியரில் அம்மாவின் தையல் மெசினின் தலையைச் சேலையால் சுற்றிக் கட்டி, உருட்டிக்கொண்டு நடந்தவள். செம்மணி வெளியிலும் நாவற்குழிப் பாலத்திலும் ஆளோடு ஆள் ஒட்டி நின்றார்கள். மழை. குடிக்கத் தண்ணீர் இல்லாமல் குடையைக் கவிழ்த்துப் பிடித்து மழைத் தண்ணீர் குடித்ததாகச் சொல்லியிருக்கிறாள். சாவகச்சேரிக்குப் போய்ச் சேர அடுத்த நாள் மத்தியானமாகிவிட்டதாம். பிறகு கிளாலிக் கடலைப் படகில் தாண்டி வன்னி, அங்கிருந்து வவுனியா, கொழும்பு. கொழும்பில் என்னோடு இரண்டு வருஷம் ஒரே வகுப்பில் படித்தாள். 1998இல் கனடா போனாள். இடையில் ஒரே ஒரு தடவை, 2013இல் வந்தபோது, இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய் இரண்டாம் நாள் இரவு பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாள். அந்தப் பாலத்தை அவள் ஒரு நாளும் பகல் வெளிச்சத்தில் கடந்ததில்லை.

கணக்குப் பார்த்துவிட்டு "விடிய நாலரை" என்று எழுதினாள். "அப்ப நீ நித்திரையா இருப்பாய்" என்று நான் எழுதினேன். நீல அடையாளம் விழுந்தது. பதில் வரவில்லை. ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் வந்தது: "சரி, பகலிலை போவம்."

இரவுப் பயணம் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில வருஷத்துக்கு முன் லண்டனிலிருந்து வந்த சொந்தக்காரர் குடும்பத்தோடு இதே மாதிரி ஐந்து நாள் ஓட்டம் ஓடினோம். கடைசி நாள் பகல் முழுக்கத் தீவுப்பகுதி, இரவோடு இரவாகக் கொழும்பு. வானை ஓட்டிய பொடியன் விடியப்புறம் ஐந்து மணிக்கு எழும்பியவன். அடுத்த நாள் அதிகாலை மூன்று மணிபோல், நொச்சியாகமப் பக்கம், ஒரு விநாடி கண் அயர்ந்துவிட்டான். வான் தார் வீதியை விட்டுக் கிறவலுக்குள் இறங்கி, மதகுக் கட்டில் இடித்து நின்றது. டயர் வெடித்த சத்தத்தில்தான் நாங்கள் எழும்பினோம். கடவுள் புண்ணியத்தில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. பின்னால் வந்த லொறிக்காரர் ஒரு சிங்கள ஐயா. யானை வருகிற இடம், ஒருவரும் கீழே இறங்கி நிற்கவேண்டாம் என்று சொல்லி, தன் லொறியின் விளக்கை எரியவிட்டு, விடியும்வரை எங்களோடு நின்றார். அவர் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது. அந்தப் பொடியனை நான் குறை சொல்ல மாட்டேன். ஐந்து நாளும் எங்களுக்கெல்லாம் ஏசி அறை, அவனுக்கு வானின் பின் இருக்கை. அதிலிருந்து, சாரதிக்குப் படுக்க அறையும் நேரத்துக்குச் சாப்பாடும் இல்லாத பயணத்துக்கு நான் போவதில்லை. வான் வாடகை பேசும்போது முதல் பேசவேண்டியது அதைத்தான். இந்தத் தடவை தெஹிவளைத் தம்பி ஒருவரைப் பேசியிருக்கிறோம். திட்டத்தை முழுக்கச் சொல்லி, இருட்டிய பிறகு ஓட்டம் இல்லை என்றும் சொன்னேன். "அக்கா, இப்பிடி ஒருத்தரும் சொல்றேல்லை" என்றார்.

தானே ஓட்டுகிறேன் என்றும் அவள் ஒரு தடவை சொன்னாள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வீதியின் வலப்பக்கம் ஓடிப் பழகியவள், எங்கள் பஸ்கள் எதிரே முந்திக்கொண்டு வரும்போது கை எந்தப் பக்கம் திருப்பும் என்று நினைத்தாலே எனக்குப் பயம். அந்தக் கதையை அதோடு விட்டுவிட்டோம்.

சரி, முடிவான திட்டம் இதுதான். முதல் நாள் விடிய ஐந்து மணிக்குக் கொழும்பு. சிலாபத்தில் முன்னேஸ்வரம், புத்தளத்தில் களப்புக் காற்றில் ஒரு தேத்தண்ணீர், அனுராதபுரத்தில் மத்தியானம். பின்னேரம் நாலு மணிக்குள் வவுனியாவில் அறை. யாழ்ப்பாணத்துக்கு ஒரே மூச்சில் போகலாம்தான். போகமாட்டோம். ஏனென்றால் இரண்டாம் நாள் முழுவதும் வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் வரையான அந்த 140 கிலோமீற்றருக்காக மட்டும்.

அந்த நாளை நினைக்கவே எனக்கு ஆசையாக இருக்கிறது. ஓமந்தை தாண்டினால் புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று பெயரெல்லாம் குளத்தில் முடியும். குளத்தைக் கட்டி, காட்டை வெட்டி, வயல் செய்த மண் என்று பெயரே சொல்லும். முறுகண்டியில் ஆறுதலாக இறங்கிக் கற்பூரம் கொளுத்தி, சுடச்சுட வறுத்த கச்சானை அங்கேயே நின்று உடைத்துத் தின்னலாம். வீதியை விட்டுக் கிழக்கே திரும்பினால் இரணைமடு. யாழ்தேவி பரந்தன் பக்கம் வீதியோடு கூட ஓடும் நேரத்துக்குப் போனால் இன்னும் நல்லது. ஆனையிறவில், ஆடி மாத வெயிலில், உப்பு வெளி கண்ணைக் கூசவைக்கும். பளை தாண்டத் தென்னை, பிறகு பனை. கொடிகாமம் சந்தையில் இறங்கி என்ன பழம் கிடைத்தாலும் வாங்குவோம். கைதடி கடந்து நாவற்குழிக்கு வரும்போது பின்னேரம் நாலு மணியாக வேண்டும், வெயில் கொஞ்சம் தணிந்திருக்க வேண்டும். அங்கே அவள் இறங்கிப் பாலத்தை நடந்து கடக்கப்போகிறாள். இந்தத் தடவை ஊர்ப் பக்கமாக. நான் வானோடு அரியாலைப் பக்கம் போய் நிற்பேன்.

பிறகு யாழ்ப்பாணத்தில் நாலு இரவு. ஒரு நாள் அளவெட்டிக்கு. அதற்கு நேரம் குறிக்கவில்லை. ஊருக்குப் போனால் வேலிக்கு வேலி நின்று கதைக்கவேண்டி வரும், ஒரு வீட்டில் தேத்தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த வீட்டில் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. ஒரு நாள் குறிகாட்டுவான் போய்ப் படகில் நெடுந்தீவு. மூன்றாவது நாளுக்கு ஒன்றுமே எழுதவில்லை. அந்த வெறும் நாளுக்காகத்தான் நான் அவளோடு அதிகம் சண்டை பிடித்தேன். மழையோ காய்ச்சலோ எதிர்பாராத ஒரு பழைய ஆளோ வந்தால் அந்த நாள் கைகொடுக்கும்.

ஆறாம் நாள் சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரி வழியாக மன்னார். 2011இல் அந்தப் பாலம் திறந்த பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்கு வவுனியா சுற்றிப் போகவேண்டிய தேவை இல்லை. திருக்கேதீஸ்வரம், பெருக்கமரம், தலைமன்னார் இறங்குதுறை. 1964 புயலுக்கு முன் தனுஷ்கோடிக்குக் கப்பல் போன துறை அது. அவளுடைய பட்டியலில் மன்னார்ப் பூநாரைகளும் இருந்தன. அவை மாரியில் வருகிறவை, ஆடியில் தேடக்கூடாது என்று சொல்லி அழித்தேன். ஏழாம் நாள் மதவாச்சி, அனுராதபுரம், கொழும்பு.

திருகோணமலையை விட்டதில் எனக்கும் கவலைதான். கோணேசர் கோயில் மலையிலிருந்து கடலைப் பார்த்துப் பத்து வருஷமாகிறது. ஆனால் கிழக்கு அடுத்த தடவைக்கு. அதற்கும் தனியாக ஒரு கிழமை வேண்டும்.

இனி உங்களிடம் கேட்கவேண்டியது. நாங்கள் இரண்டு பேரும் ஐம்பதை நெருங்கும் பெண்கள். வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் சுத்தமான கழிவறை உள்ள சாப்பாட்டுக்கடை எது? பெற்றோல் செட் என்றாலும் பரவாயில்லை. அண்மையில் பகலில் போனவர்கள் சொன்னால் பெரிய உதவி. இரணைமடுவுக்குத் திரும்புகிற பாதை வானுக்குச் சரிவருமா? கடைசியாக ஒன்று: நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட, ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லாமல், ஒரு அரை மணித்தியாலம் வானை ஓரம் கட்டி நிற்க எந்தப் பக்கம் வசதி?