விளக்கை அணைக்கும் நேரம்

என் மகனுக்கு நான்கு வயதாக இருந்தபோது, இரவு எட்டு மணியானால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். பாசம் என்றுதான் முதலில் நினைத்தேன். அன்றைய சட்டம் என்ன என்பதை அவன் என் முகத்தில் தேடிக்கொண்டிருந்தான் என்பது புரியச் சில வாரங்கள் ஆயின. நான் களைத்திருந்தால் இன்னும் அரை மணி நேரம் கார்ட்டூன் கிடைக்கும். எரிச்சலில் இருந்தால் பல்கூடத் துலக்காமல் படுக்கைக்கு விரட்டப்படுவான். பகலெல்லாம் அவனோடு இருக்க முடியவில்லையே என்று மனம் உறுத்திய நாள்களில் இரண்டு கதை. தூங்கும் நேரம் என்று எங்கள் வீட்டில் எதுவும் இல்லை. என் மனநிலைதான் கடிகாரம்.

நான்கு வயதுப் பிள்ளையின் தலையில் இது எவ்வளவு பெரிய சுமை! எப்போது என்ன சொல்வார் என்று கணிக்க முடியாத மேலதிகாரியிடம் வேலை பார்த்தவர்களுக்கு அந்தச் சோர்வு தெரியும். அவர்களாவது மாலையில் வீட்டுக்குப் போய்விடலாம். பிள்ளை எங்கே போகும்?

அதனால்தான், அன்றாட ஒழுங்கு என்றாலே பிள்ளையின் சுதந்திரம் பறிபோகிறது என்று வருந்துகிறவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. ஒழுங்கு முதலில் கட்டிப்போடுவது பெரியவர்களை. எட்டு மணிக்குக் கதை என்று முடிவு செய்துவிட்டால், எட்டு மணிக்கு நான் அந்த அறையில் இருந்தாக வேண்டும். என் கோபத்துக்கும் களைப்புக்கும் அங்கே வேலையில்லை. பிள்ளையும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நாங்கள் தொடங்கியபோது ஒரு தவறு செய்தோம். ஏழு முப்பது, ஏழு நாற்பது என்று நிமிடக் கணக்கில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். மூன்றே நாளில் அது என் கையில் இன்னொரு சாட்டையாகிவிட்டது. 'மணி என்ன ஆகிறது பார்!' என்று மணி பார்க்கத் தெரியாத பிள்ளையிடம் கத்திக்கொண்டிருந்தேன். சின்னப் பிள்ளைக்கு மணி தெரியாது, வரிசை தெரியும். குளியல், சாப்பாடு, பல் துலக்குவது, கதை, விளக்கு. இந்த வரிசை மாறாமல் இருந்தால் போதும், கால்மணி நேரம் முன்பின் ஆனாலும் அவன் உடல் அடுத்து என்ன என்று தெரிந்துகொண்டு தயாராகிவிடுகிறது. தாளைக் கிழித்துவிட்டு வரிசையை மட்டும் வைத்துக்கொண்டோம்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்த அதிசயம் இல்லை. ஜோடி மிண்டெல் என்ற உளவியலாளரின் குழு, 405 தாய்மார்களையும் மூன்று வயதுக்கு உட்பட்ட அவர்களுடைய பிள்ளைகளையும் வைத்துச் செய்த ஆய்வை 2009-இல் வெளியிட்டது. குளியல், உடம்பைத் தடவிவிடுதல், அமைதியாக ஏதேனும் ஒன்று, பிறகு விளக்கணைப்பு. இரண்டு வாரம் இதே வரிசையைத் தொடர்ந்தவர்களின் பிள்ளைகள் சீக்கிரம் உறங்கினார்கள், இரவில் விழிப்பதும் குறைந்தது. எனக்கு முக்கியமாகப் பட்டது அதே ஆய்வின் இன்னொரு முடிவு: தாய்மார்களின் மனநிலையும் மேம்பட்டிருந்தது. பிள்ளைக்காகச் செய்தது தாயையும் தாங்கியிருக்கிறது.

தூக்கத்தைப் பற்றிப் பேசும்போது நான் கொஞ்சம் பிடிவாதக்காரியாகிவிடுகிறேன். மூன்று, நான்கு வயதில் நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். பகல் தூக்கமும் இதில் சேர்த்தி. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேரம் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமி 2016-இல் சொன்னது. கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு எழ வேண்டிய, பகலில் தூங்காத ஐந்து வயதுப் பிள்ளை பத்து மணி நேரம் தூங்க வேண்டுமானால் இரவு எட்டு மணிக்குக் கண் மூடியிருக்க வேண்டும். நம்மில் எத்தனை வீடுகளில் அந்த நேரத்துக்கு இரவுச் சாப்பாடாவது முடிந்திருக்கிறது? மறுநாள் காலை எழ மறுத்து, சீருடைக்குள் கையை நுழைக்காமல் அழும் பிள்ளையை 'அடம்' என்கிறோம். பாதி நாள்களில் அது அடம் இல்லை, தூக்கக் கடன்.

சாப்பாட்டு விஷயத்தில் என் மாமியாருக்கும் எனக்கும் நீண்ட நாள் வாக்குவாதம். பிள்ளை வயிறு வாடக்கூடாது என்பது அவர் கவலை. 'இன்னும் ஒரே ஒரு வாய்' என்று தட்டோடு அவன் பின்னால் வீடு முழுக்க நடப்பார். அந்த அன்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை, என் கணவர் அந்தக் கையால் வளர்ந்தவர்தான். ஆனால் எல்லின் சாட்டர் என்ற உணவியல் வல்லுநர் வகுத்த பொறுப்புப் பிரிவினை எனக்கு நியாயமாகப் படுகிறது. என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெரியவர் கையில். சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் கையில். அவரவர் பங்கில் அவரவர் நின்றால் சாப்பாட்டு மேசை போர்க்களமாகாது. பசிக்கும் வயிற்றுக்கும் நிரம்பிய வயிற்றுக்கும் உள்ள வேறுபாட்டைத் தானே உணரும் பிள்ளையிடமிருந்து அந்த அறிவைப் பிடுங்கிவிட்டு, பின்னாளில் 'அளவோடு சாப்பிடு' என்று சொல்வதில் என்ன பயன்? புதிய காய் ஒன்றை அவன் முதல் தடவை துப்பினால் கைவிட்டுவிடாதீர்கள். பத்துத் தடவைக்கு மேல் தட்டில் பார்த்த பிறகு வாயில் வைக்கும் பிள்ளைகள் ஏராளம்.

'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்ற பழமொழியைப் பெரும்பாலும் பயமுறுத்தவே பயன்படுத்துகிறோம். ஒரு நாள் தவறினால் எல்லாம் போயிற்று என்று பதறுகிறோம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியின் குழு 96 பெரியவர்களிடம் செய்த ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. ஒரு புதிய செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாள் போதுமாக இருந்தது, சிலருக்கு 254 நாள் வரை தேவைப்படும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய இழப்பு எதுவும் இல்லை. பெரியவர்களுக்கே இத்தனை நாள் என்றால், இரண்டு வாரத்தில் பல் துலக்கப் பழகவில்லை என்று பிள்ளையைத் திட்ட நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இரவுப் பணிக்குப் போகிறவர்களும், தனியாகப் பிள்ளை வளர்க்கிறவர்களும் இதைப் படித்துவிட்டு மனம் நோகக் கூடாது. முழு வரிசையும் எல்லா வீட்டிலும் நடக்காது. நாளுக்கு இரண்டு விஷயங்களை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறவர்களிடம் சொல்கிறேன்: எழும் நேரம், தூங்குவதற்கு முந்தைய அரை மணி நேரம். அந்த அரை மணி நேரம் தாத்தாவோடு கழிந்தாலும், பக்கத்து வீட்டு அக்காவோடு கழிந்தாலும் வரிசை அதேதான்.

இதற்கு நேர் எதிரான வீடுகளையும் பார்த்திருக்கிறேன். பள்ளி முடிந்தால் நீச்சல், நீச்சல் முடிந்தால் கணக்கு, அது முடிந்தால் இசை. மூச்சுவிட இடமில்லை. அதை ஒழுங்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வரிசையில் மாலை ஒரு மணி நேரத்துக்குப் பெயரே இல்லை. அந்த நேரத்தில் ஓடலாம், மண்ணைக் கிளறலாம், சும்மா கிடக்கலாம். யாரும் எதுவும் கற்றுத்தர மாட்டோம்.

என் மகனுக்கு மூத்தவளான மகளுக்கு இப்போது பதின்மூன்று வயது. தூங்கும் நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைக்க வேண்டும் என்று போன மாதம் கேட்டாள். மறுத்துவிட்டேன். பிறகு படித்துப் பார்த்தபோது அவள் பக்கம் நியாயம் இருந்தது. பூப்படையும் பருவத்தில் உடலின் உட்கடிகாரமே பிந்திப்போகிறது, தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பதும் தாமதமாகிறது. சோம்பலோ திமிரோ அதற்குக் காரணமில்லை. அவளிடம் போய், நான் அவசரப்பட்டு மறுத்தது தவறு என்று சொன்னேன். எட்டு மணி நேரத் தூக்கம் குறையக் கூடாது, கைப்பேசி படுக்கையறைக்குள் வரக் கூடாது என்று இரண்டு நிபந்தனைகள் வைத்தேன். இரண்டையும் ஏற்றுக்கொண்டாள். பதிலுக்கு அவள் வைத்தது ஒரே நிபந்தனை: எங்கள் கைப்பேசிகளும் அவளுடையதோடு கூடத்து இழுப்பறைக்குள் போக வேண்டும். மூன்று வாரமாக மூன்று கைப்பேசிகளும் இரவில் அங்கேதான் இருக்கின்றன. இழுப்பறையை மூடும் வேலையைத் தம்பியிடம் கொடுத்திருக்கிறாள்.