கூடங்குளத்தில் காண்ட்ராக்ட் வேலை நிரந்தரம் ஆகாது

தம்பி, "கூடங்குளத்துல ஏதாவது காண்ட்ராக்ட் கம்பெனியில சேந்துட்டா போதும், ரெண்டு வருஷத்துல அணுமின் கழகமே எஞ்சினியரா எடுத்துக்கும், கேட் (GATE, எஞ்சினியரிங் படிச்சவங்க எழுதுற தேசியத் தேர்வு) எல்லாம் வேண்டாம்"னு மேலே எழுதியிருக்கீங்க. அது தப்பு. நாகர்கோவில்ல இதை நம்பி உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும், அதான் எழுதுறேன்.

1, 2 உலைகள் ஓடுது. மற்றதுக்குக் கட்டுமானம் நடக்குது. அஞ்சுகிராமம் வழியா விடியக்காலையில வேன் ஏறிப் போற நம்ம பிள்ளைகள்ல நிறையப் பேருக்குச் சம்பளம் போடுறது ஒப்பந்த நிறுவனம்தான். அனுபவம் நல்ல அனுபவம், குறை சொல்லல. ஆனா அது நிரந்தர வேலைக்கான வழி இல்ல.

அணுமின் கழகம் எஞ்சினியர்களை நேரடியா எடுக்கிற எக்ஸிகியூட்டிவ் டிரெய்னி வேலைக்குக் கேட் மதிப்பெண் பாத்து நேர்காணலுக்குக் கூப்பிடுவாங்க. அதுக்குப் பிறகு தேர்வு நேர்காணலை வச்சுத்தான். அதனால கேட்ல நல்ல மார்க் இருக்குன்னு அசட்டையா போகவும் கூடாது. நேர்காணல்ல பம்ப்னு சொன்னா படம் வரையணும். கேவிட்டேஷன், அதாவது அழுத்தம் குறையுற இடத்துல தண்ணியில ஆவிக் குமிழி உண்டாகுறது, எங்க தொடங்குதுன்னு அந்தப் படத்திலயே தொட்டுக் காட்டத் தெரியணும். எடுத்தா சுமார் ஒரு வருஷம் பயிற்சி, பிறகு சயின்டிஃபிக் ஆபீசர் பதவி.

முக்கியமா வயசு வரம்பு. அண்மை அறிவிப்புகள்ல பொதுப் பிரிவுக்கு 26, ஓபிசிக்கு 29. காத்திருக்கிற அந்த ரெண்டு வருஷம் இதுலதான் கழியும். கேட் மதிப்பெண்ணும் 3 வருஷம்தான் செல்லும். உங்களோடது எந்த வருஷத்தது?